மேற்கோள் எண்ணிக்கையும் மறைந்த மனிதர்களும்: ஆல்பர்ட் கிளிக்மனின் தோலியல் ஆய்வு வெளியீடுகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலும் அவ்வெளியீடுகள் பெற்ற மேற்கோள்களின் எண்ணிக்கையும் இன்று அவரது தகுதியை அளக்கும் கருவிகளாக ஏற்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தோலியல் அறிஞர் ஆல்பர்ட் எம். கிளிக்மனின் (1916–2010) ஆய்வு வாழ்வை எடுத்துக்கொண்டு, இவ்வளவைகள் எதனைப் பதிவு செய்கின்றன, எதனை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவரது புகழ்பெற்ற முடிவுகளில் கணிசமானவை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர்களின் உடல்களிலிருந்து பெறப்பட்டவை. மேற்கோள் முடிவை முன்னெடுத்துச் செல்கிறது. அம்முடிவு பெறப்பட்ட சூழலைப் பின்னே விட்டுச் செல்கிறது. இவ்விடைவெளியை நிரப்பும் பொறுப்பு மேற்கோள் காட்டும் ஆய்வாளரின் வாக்கியத்திற்கே உரியது என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: தோலியல், மேற்கோள் அட்டவணை, ஆய்வு அறம், ஹோம்ஸ்பர்க் சிறை, கிளிக்மன், கார்ஃபீல்ட்.

1. முன்னுரை

ஆய்வாளர் ஒருவரைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் நோக்குவது அவரது வெளியீட்டுப் பட்டியலையே. எத்தனை கட்டுரைகள், எந்த இதழ்கள், எத்தனை மேற்கோள்கள் என்னும் மூன்று வினாக்களுக்கும் தரவுத்தளங்கள் நொடியில் விடை தருகின்றன. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-குறியீடு இவற்றுள் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வகுத்த விதிமுறைகள் கல்விசார் செயல்திறன் புள்ளிகளை அறிமுகப்படுத்திய பின்னர், ஆசிரியர் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இத்தகைய எண்களின் செல்வாக்குப் பெருகியது.

இவ்வெண்களின் குறைபாடுகள் குறித்துப் பல விவாதங்கள் நடந்துள்ளன. தன்னைத்தானே மேற்கோள் காட்டுதல், துறைக்குத் துறை வேறுபடும் வழக்கங்கள், கூட்டாசிரியர் எண்ணிக்கை முதலியன அவற்றுள் அடங்கும். இவை யாவும் எண் சரியாகக் கணக்கிடப்பட்டதா என்னும் வினாவைச் சார்ந்தவை. இக்கட்டுரை எழுப்பும் வினா வேறு. எண் முற்றிலும் சரியாகவே இருப்பினும், அது சொல்லாமல் விடுவது யாது? இவ்வினாவுக்கு விடை தேடக் கிளிக்மனின் வாழ்வு பொருத்தமான களம். அவரது கட்டுரைகள் பொய்யானவை என நிராகரிக்கப்பட்டவை அல்ல. தோலியலின் அன்றாட அறிவில் அவை கலந்துள்ளன. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

2. மேற்கோள் அட்டவணையின் தோற்றம்

கிளிக்மன் பிறந்து, பயின்று, பணியாற்றிய பிலடெல்பியா நகரமே நவீன மேற்கோள் கணக்கீட்டின் பிறப்பிடமுமாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1961இல் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற யூஜின் கார்ஃபீல்ட் (1925–2017), அந்நகரில் அறிவியல் தகவல் நிறுவனத்தை நடத்தி, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில்தான் கிளிக்மன் அக்காலத்தில் தம் ஆய்வுகளை நடத்திவந்தார்.

கார்ஃபீல்டுக்கு முன்மாதிரியாக அமைந்தது அறிவியல் நூல் அன்று. வழக்கறிஞர்கள் கையாண்ட ‘ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்’ என்னும் சட்ட அட்டவணை. 1873இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் தொடங்கிய இவ்வட்டவணை, ஒரு தீர்ப்பு பின்னர் எந்தெந்த வழக்குகளில் எடுத்தாளப்பட்டது என்பதைக் காட்டியது. அதனோடு நில்லாமல், அது எவ்வாறு எடுத்தாளப்பட்டது என்பதையும் குறியெழுத்துகளால் சுட்டியது. பின்பற்றப்பட்டதா, வேறுபடுத்தப்பட்டதா, கண்டிக்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதை வழக்கறிஞர் ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். தள்ளுபடியான தீர்ப்பை நீதிமன்றத்தில் முன்வைக்கும் இழுக்கிலிருந்து அது அவரைக் காத்தது.

‘சயின்ஸ்’ இதழில் 1955இல் கார்ஃபீல்ட் எழுதிய கட்டுரையின் நோக்கமும் இதுவே. போலியான, முழுமையற்ற அல்லது காலங்கடந்த தரவுகளை ஆராயாமல் எடுத்தாளும் போக்கைத் தடுப்பதற்கு, ஒரு கட்டுரைக்கு எழுந்த திறனாய்வுகளை ஆய்வாளர் அறிய வழி வேண்டும் என அவர் வாதிட்டார். ஆயின் நடைமுறையில் உருவான அறிவியல் அட்டவணை ஷெப்பர்டின் குறியெழுத்துகளைக் கைவிட்டது. சட்ட நூல்களில் தீர்ப்புகள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் முறை வரையறுக்கப்பட்டது; அறிவியல் கட்டுரையின் வாக்கியங்களை அவ்வாறு வகைப்படுத்த மிகப்பெரும் மனித உழைப்பு தேவைப்பட்டிருக்கும். ஆகவே இணைப்பு மட்டும் எஞ்சியது. இணைப்பின் பொருள் நீங்கியது. பொருள் நீங்கிய இணைப்புகளை எண்ணுவது எளிதாயிற்று.

இவ்விழப்பின் அளவைக் காட்டிய தொடக்கக்கால ஆய்வுகளுள் மைக்கேல் மொராவ்சிக், பி. முருகேசன் ஆகியோர் 1975இல் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. இயற்பியல் கட்டுரைகளின் மேற்கோள்களை ஒவ்வொன்றாக வாசித்து வகைப்படுத்திய அவர்கள், ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு மேற்கோள்கள் சடங்காக இடப்பட்டவை எனவும், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மறுக்கும் தன்மையுடையவை எனவும் கண்டனர். அட்டவணையில் இவையனைத்தும் சம மதிப்புடைய ஓர் எண்ணே.

3. கிளிக்மனின் வெளியீடுகள்

கிளிக்மன் தோலியலுக்கு வந்த வழி தாவரவியல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பூஞ்சையியலில் ஆய்வு செய்து 1942இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், காளான் வளர்ப்புக் கையேடு ஒன்றையும் எழுதினார். 1947இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பூஞ்சையறிவு அவரைத் தோல் நோய்களுக்கு, குறிப்பாகப் படர்தாமரை வகை நோய்களுக்கு, இயல்பாக இட்டுச் சென்றது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளுள் சில, துறையின் சொல்வளத்தையே மாற்றின. 1961இல் அவர் விளக்கிய ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்னும் முடியுதிர்வு வகை இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. பிரசவத்திற்குப் பின்னும் கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வுநிலைக்குச் செல்வதால் முடி கொத்தாக உதிர்வதை அது விளக்கியது. 1966இல் மனிதரிடத்து ஒவ்வாமைப் பொருள்களை இனங்காணும் ‘உச்சப்படுத்தல் சோதனை’யை முன்வைத்தார். 1969இல் சுவீடன் ஆய்வாளர் பெர்டில் மாக்னுசனுடன் இணைந்து அதன் கினிப்பன்றி வடிவத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜேம்ஸ் ஃபுல்டன், கெர்டு பிளெவிக் ஆகியோருடன் சேர்ந்து வைட்டமின் ஏ அமிலத்தை முகப்பருவிற்குப் பூச்சாகப் பயன்படுத்துவது குறித்த கட்டுரையை வெளியிட்டார். அப்பொருளே ட்ரெட்டினாயின், வணிகப் பெயர் ரெட்டின்-ஏ. 1975இல் ஐசக் வில்லிசுடன் எழுதிய கட்டுரை, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் கலந்த நிறநீக்கப் பூச்சை அறிமுகப்படுத்தியது. 1986இல் வெளியான கட்டுரை, வெயிலால் முதுமையுற்ற தோலை ட்ரெட்டினாயின் சீராக்கும் எனக் கூறியது.

முடி, பரு, ஒவ்வாமை, நிறம், முதுமை என ஐந்து வெவ்வேறு உட்துறைகளில் அடிப்படையாக எடுத்தாளப்படும் கட்டுரைகள் ஒருவருக்கு அமைவது அரிது. மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் கொண்டு வாசிப்பவர்க்கு இது குறையற்ற ஓர் அறிவியல் வாழ்வாகவே தோன்றும்.

4. ஹோம்ஸ்பர்க் என்னும் ஆய்வுக்களம்

பிலடெல்பியாவின் வடகிழக்கில் 1896இல் திறக்கப்பட்டது ஹோம்ஸ்பர்க் சிறை. சிறைவாசிகளிடையே பரவிய சேற்றுப்புண்ணைப் பார்வையிடுமாறு 1951இல் கிளிக்மன் அங்கு அழைக்கப்பட்டார். சிகிச்சைக்காகச் சென்றவர் அங்கு ஆய்வுக்களத்தைக் கண்டார். தம் கண்ணுக்கு ஏக்கர் ஏக்கராகத் தோல் மட்டுமே தெரிந்தது எனவும், வளமான நிலத்தை முதன்முறை காணும் உழவனின் மனநிலையில் இருந்ததாகவும் 1966இல் செய்தியாளர் ஒருவரிடம் அவர் கூறினார். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் வெளியிட்ட ‘ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்’ என்னும் நூலின் தலைப்பு இக்கூற்றிலிருந்து பிறந்தது.

1951 முதல் 1974 வரை அச்சிறையில் ஆய்வுகள் நடந்தன. நறுமணப் பொருள்கள், குளியல் நுரைகள், பற்பசைகள், புறவூதாக் கதிர்கள், நச்சுக்கொடிச் சாறு, தொற்றுக் கிருமிகள், அமெரிக்கத் தரைப்படைக்காக மனநிலையை மாற்றும் வேதிப்பொருள்கள் என ஆய்வுப் பொருள்கள் விரிந்தன. மருந்து நிறுவனங்களும் அழகுப்பொருள் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இவற்றிற்கு நிதி வழங்கின.

உட்படுத்தப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் தண்டனை பெறாதவர்கள். பிணைத்தொகை கட்ட இயலாமல் விசாரணையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தவர்கள். சிறைக்குள் பிற வேலைகளுக்கு நாளொன்றுக்குச் சில காசுகளே கூலி; ஆய்வுக்கு உடலைத் தந்தால் அதனினும் பன்மடங்கு கிடைத்தது. பிணைக்குப் பணம் சேர்க்க வேறு வழியற்றவர் ஒப்புதல் படிவத்தில் இடும் கையொப்பம் எத்தகையது என்பதே இங்கு அடிப்படை வினா. தாம் மேனியில் ஏற்பது என்ன பொருள் என்பதும் அவர்களுட் பலருக்குச் சொல்லப்படவில்லை.

இங்கு நடந்தவற்றுள் கடுமையான ஒன்று வெளியீட்டுப் பட்டியலில் இடம்பெறவே இல்லை. 1960களின் நடுப்பகுதியில் டோ கெமிக்கல் நிறுவனத்துக்காக டயாக்சின் சோதனை நடத்தப்பட்டது. நிறுவனம் வகுத்த உச்ச அளவில் எதிர்பார்த்த விளைவு தோன்றாதபோது, பத்துப் பேரின் தோலில் 7,500 மைக்ரோகிராம் வரை டயாக்சின் இடப்பட்டது. அது நிறுவனத்தின் திட்ட அளவைப் போல 468 மடங்கு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் குளோராக்னி என்னும் கடும் பருநோய் தோன்றியது. இச்செய்தி நிறுவனத்துடனான கடிதப் போக்குவரத்தில் கிடந்து, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விசாரணையின்போது 1980 வாக்கில் வெளிவந்தது. அதற்குள் உட்பட்டவர்களை இனங்காண உதவும் பதிவேடுகள் இல்லாமற்போயின. வெளியீட்டுப் பட்டியல் என்பது செய்த பணியின் பட்டியல் அன்று. வெளியிடத் தேர்ந்தவற்றின் பட்டியல் மட்டுமே என்பதற்கு இது சான்று.

5. எழுதப்பட்டும் வாசிக்கப்படாத பகுதி

கிளிக்மன் தம் ஆய்வுக்களத்தை மறைத்தார் எனக் கொள்வது எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. ஆய்வுக்கு உட்பட்டோர் சிறைவாசிகள் என்பதைப் பல கட்டுரைகளின் செய்முறைப் பகுதி வெளிப்படையாகவே கூறுகிறது. ‘ஜர்னல் ஆஃப் இன்வெஸ்டிகேட்டிவ் டெர்மட்டாலஜி’யில் 1952இல் வெளியான தலைப் படர்தாமரைக் கட்டுரை, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான காப்பகத்தில் நோய்க்காளானைச் செலுத்திப் பெற்ற முடிவுகளை முன்வைத்தது. அடைபட்டு வாழும் பலர் ஒரே இடத்தில் கிடைத்ததை ஆய்வுக்கு உகந்த சூழலாக அது குறிப்பிடுகிறது. மதிப்பீட்டாளர்கள் அதனை ஏற்றனர், இதழ் அச்சிட்டது, வாசகர்கள் மேற்கோள் காட்டினர்.

நியூரம்பர்க் நெறிமுறைகள் 1947இலேயே வகுக்கப்பட்டுவிட்டன. ஒப்புதல் தருபவர் வற்புறுத்தலின்றித் தேர்வு செய்யும் நிலையில் இருத்தல் வேண்டும் என்பது அவற்றின் முதல் நெறி. ஆயின் அமெரிக்க மருத்துவ உலகம் அதனை நாஜிகளுக்கு உரியதாகக் கருதியதேயன்றித் தனக்குரியதாகக் கருதவில்லை. ஆகவே ‘அக்கால வழக்கம் அதுவே’ என்னும் வாதம் பாதி உண்மையே உடையது. நெறி இருந்தது, அதனைத் தன்மேல் பொருத்திப் பார்க்கும் வழக்கம் இல்லை.

முந்தைய தலைமுறைத் தோலியல் நிகழ்வு ஒன்றை இதனோடு ஒப்பிடுவது பயன்தரும். கொனோரியா நோய்க்கிருமியை 1879இல் கண்டறிந்த ஆல்பர்ட் நைசர், 1892இல் பிரெஸ்லாவில் சிஃபிலிஸ் நோயாளிகளின் இரத்த நீரை வேறு காரணங்களுக்காகச் சிகிச்சைக்கு வந்த இளம்பெண்கள் சிலருக்கு அவர்களின் ஒப்புதலின்றிச் செலுத்தினார். சிலருக்கு நோய் தோன்றியது. அவர் அதனை 1898இல் தாமே வெளியிட்டார். செய்தித்தாள்கள் அக்கட்டுரையை வாசித்தன, எதிர்ப்பு எழுந்தது, நைசர் தண்டம் செலுத்த நேர்ந்தது, 1900இல் பிரஷ்ய அரசு ஒப்புதலை வலியுறுத்தும் ஆணையைப் பிறப்பித்தது. நைசரின் கட்டுரையும் கிளிக்மனின் 1952ஆம் ஆண்டுக் கட்டுரையும் ஒத்த அளவில் வெளிப்படையானவை. முன்னதை மருத்துவர் அல்லாதாரும் வாசித்தனர். பின்னதை வாசித்தோர் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தனர். வேறுபாடு கட்டுரையில் இல்லை, வாசிப்பில் உள்ளது.

இவ்வாசிப்பு மாறத் தொடங்கிய ஆண்டு 1966. மயக்கவியல் அறிஞர் ஹென்றி பீச்சர் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அறம் பிறழ்ந்த 22 ஆய்வுகளை எடுத்துக்காட்டினார். தனிமனிதர்களைக் குற்றம் சாட்டுதல் நோக்கமன்று என்பதால் அவ்வாய்வுகளின் மேற்கோள் குறிப்புகளை அவர் அச்சிடவில்லை. ஆய்வு அறத்தின் வரலாற்றில் பெருந்தாக்கம் விளைவித்த அக்கட்டுரை, தான் கண்டித்த கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோள் இணைப்பைக்கூட உருவாக்கவில்லை. கார்ஃபீல்டின் அட்டவணை வெளியாகி ஈராண்டுகளே ஆன நிலையில், அது எதற்காகக் கருதப்பட்டதோ அப்பணியை – திறனாய்வைக் கட்டுரையோடு இணைக்கும் பணியை – ஆற்ற இயலாமற்போனதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கட்டுரைகள் எவை என்பதை வரலாற்றாய்வாளர் டேவிட் ராத்மன் பின்னர்த் தேடித் தொகுக்க வேண்டியதாயிற்று.

அதே 1966இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கிளிக்மனைப் புதிய மருந்துச் சோதனைகளிலிருந்து தற்காலிகமாக விலக்கியது. அவ்விலக்கு விரைவில் நீக்கப்பட்டது. அவரது கட்டுரைகளின் வெளியீட்டிலோ அவை எடுத்தாளப்பட்ட முறையிலோ இதன் சுவடு தென்படவில்லை.

6. எண்ணில் அடங்காத தாக்கம்

மேற்கோள் எண்ணிக்கை கிளிக்மனின் தாக்கத்தை மிகைப்படுத்துகிறது என இதுவரை கூறியவற்றிலிருந்து கருதக்கூடும். உண்மையில் அது குறைத்தும் காட்டுகிறது. ஓர் அறிவு முற்றாக ஏற்கப்பட்டபின் அதன் மூலத்தைச் சுட்டும் வழக்கம் மறைவதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் எடுத்துக்காட்டினார். உள்ளிழுக்கப்பட்டு அழிதல் என அதனைக் கூறலாம். கிளிக்மனின் பணிக்கு இது பெரிதும் பொருந்தும்.

கினிப்பன்றி உச்சப்படுத்தல் சோதனை, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் 406ஆம் வழிகாட்டியில் இடம்பெற்றது. அதன் பின்னர் உலகெங்கும் வேதிப்பொருள்கள் அச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. அச்சோதனை அறிக்கைகளில் பெரும்பாலானவை நிறுவனக் கோப்புகளில் உறைபவை. எவ்வட்டவணையும் அவற்றை எண்ணுவதில்லை.

நிறநீக்கப் பூச்சின் வரலாறு இந்திய வாசகர்க்கு இன்னும் நெருக்கமானது. ‘கிளிக்மன் பூச்சு’ என்னும் பெயரில் அறியப்படும் கலவை, மங்கு எனப்படும் முகக் கருமைக்கு மருத்துவர் கண்காணிப்பில் குறுகிய காலம் இடத் தக்கது. ஸ்டீராய்டு வகையையும் அளவையும் மாற்றிய அதன் திருத்திய வடிவங்கள் இந்திய மருந்துக் கடைகளில் பரவலாக விற்பனையாகின்றன. மருத்துவச் சீட்டின்றி வாங்கி, நிறம் கூடும் என்னும் நம்பிக்கையில் மாதக்கணக்கில் பூசுவோர் பலர். தோல் மெலிதல், குருதி நாளங்கள் வெளித்தெரிதல், பரு, பூச்சை நிறுத்தியதும் எரிச்சல் என விளைவுகள் நேர்கின்றன. ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்பதை ஒரு தனி நோய்நிலையாகவே இந்தியத் தோலியலாளர் விவரித்துள்ளனர். ட்யூபை வாங்கும் இளம்பெண்ணும் விற்கும் கடைக்காரரும் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டப் போவதில்லை. எனினும் அக்கட்டுரையின் தாக்கம் என்பதில் இதுவும் அடங்கும்.

ஆகவே மேற்கோள் எண்ணிக்கை தாக்கத்தின் அளவன்று. தாக்கத்தில் கட்டுரை எழுதுவோரிடையே நிகழ்ந்த பகுதியின் அளவு மட்டுமே. ஆய்வுக்கு முன்னே இருந்த சிறைவாசியும் ஆய்வுக்குப் பின்னே வரும் நோயாளியும் அதன் இரு புறத்தும் வெளியே நிற்கின்றனர்.

7. பெயர் நீக்கமும் நிலைத்த மேற்கோளும்

சிறை ஆய்வுகள் 1974இல் நின்றன. அதே ஆண்டில் அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிச் சட்டம் இயற்றப்பட்டது. 1978இல் சிறைவாசிகள் மீதான ஆய்வுகளுக்குக் கடும் வரையறைகள் வந்தன. கிளிக்மனின் புகழ் இதனால் குன்றவில்லை. ட்ரெட்டினாயின் முதுமைச் சுருக்கங்களைக் குறைக்கும் என்னும் செய்தி 1988இல் பரவியபோது அது வளர்ந்தது. அதன் உரிமத்தொகை குறித்து அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழக்கு எழுந்து, உடன்பாட்டில் முடிந்தது. மருந்தின் வருவாய் யாருக்கு என்று நிகழ்ந்த அவ்வழக்கில், மருந்து முதலில் சோதிக்கப்பட்ட உடல்களுக்கு உரியவர்கள் தரப்பினராக இல்லை.

ஹார்ன்ப்ளமின் நூலுக்குப்பின், ஏறத்தாழ 300 முன்னாள் சிறைவாசிகள் 2000இல் வழக்குத் தொடுத்தனர். வழக்குத் தொடுக்கும் கால வரம்பு கடந்துவிட்டது என அது தள்ளுபடியானது. தம் ஆய்வுகள் அக்கால நெறிகளுக்கு உட்பட்டவை என்னும் நிலைப்பாட்டைக் கிளிக்மன் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. 2010இல் அவர் மறைந்தார்.

மன்னிப்பு அதன் பின்னரே வந்தது. 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கோரி, அவர் பெயரிலான ஆண்டுச் சொற்பொழிவை நிறுத்தியது. அவர் பெயரிலான பேராசிரியர் பதவி, அப்பள்ளியின் கறுப்பினத் தோலியல் மருத்துவர் பெர்னெட் ஜான்சனின் பெயரைப் பெற்றது. 2022இல் பிலடெல்பியா மாநகரமும் 2023இல் அந்நகர மருத்துவர் கல்லூரியும் மன்னிப்புக் கோரின.

இங்ஙனம் நிறுவனங்கள் பெயரை நீக்கிய பின்னரும், கட்டுரைகளின் மேற்கோள்கள் தொடர்கின்றன. சொற்பொழிவை நிறுத்த ஒரு குழுவின் தீர்மானம் போதும். மேற்கோளை நிறுத்தவோ திருத்தவோ அதிகாரம் பெற்ற அமைப்பு ஏதுமில்லை. அது ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் தனித்தனியே எடுக்கும் முடிவுகளின் தொகை.

8. மேற்கோள் காட்டும் முறை

இச்சூழலில் மூன்று வழிகள் எண்ணத்தக்கவை. முதலாவது, இக்கட்டுரைகளை மேற்கோள் காட்டாமல் தவிர்ப்பது. அறச்சீற்றம் உடையதாயினும் இவ்வழி தன் நோக்கத்தையே முறியடிக்கும். ட்ரெட்டினாயின் பற்றிய அறிவு பயன்பாட்டில் நீடிக்கும். அது எங்கிருந்து வந்தது என்னும் தடம் மட்டுமே அழியும். ஆய்வாளரின் பெயரோடு சிறைவாசிகளின் பங்களிப்பும் இரண்டாம் முறையாக மறைக்கப்படும்.

இரண்டாவது, இதழ்கள் கட்டுரைகளைத் திரும்பப் பெறுவது. இதற்கு அண்மைய முன்னுதாரணம் உண்டு. சீனாவில் மரண தண்டனைக் கைதிகளின் உறுப்புகளைப் பயன்படுத்தியிருக்கக்கூடிய மாற்று அறுவை ஆய்வுகள் 445ஐ வெண்டி ராஜர்சும் குழுவினரும் 2019இல் ஆராய்ந்தனர். பெரும்பான்மையானவை உறுப்புக்கு உரியவர் யார் என்பதையே கூறவில்லை. அதன் விளைவாகச் சில கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆயின் அரை நூற்றாண்டுக்கு முன் வெளியாகி, மருத்துவ வழிகாட்டிகளில் ஊறிவிட்ட கட்டுரைகளுக்கு இம்முறை ஓரளவே பொருந்தும். திரும்பப் பெறுதல் என்பது முடிவு நம்பத்தகாதது என்னும் பொருளையும் தாங்கியது. இங்குள்ள குறை வேறு வகையது.

மூன்றாவது, மேற்கோளுக்கு அதன் இழந்த பொருளை மீட்டுத் தருவது. ‘இம்முடிவு பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைவாசிகள் மீது நடத்தப்பட்ட ஆய்வில் பெறப்பட்டது’ என்னும் ஒற்றை வாக்கியம் மேற்கோளுடன் இடம்பெறுமானால், ஷெப்பர்டின் குறியெழுத்து ஆற்றிய பணியை அது ஆற்றும். இதழ்கள் பழைய கட்டுரைகளின் மின்பதிப்புகளில் வரலாற்றுக் குறிப்பு ஒன்றை இணைப்பது இதற்குத் துணைநிற்கும். ஆய்வாளர் பெயரால் வழங்கும் கலவைகளை அவற்றின் கூறுகளால் சுட்டுவதும் வேண்டத்தக்கது. ‘முக்கலவைப் பூச்சு’ என்பது உள்ளிருப்பதைக் கூறுகிறது. ‘கிளிக்மன் பூச்சு’ என்பது புகழை மட்டுமே கூறுகிறது.

இதற்கு முன்தேவை ஒன்று உண்டு. மேற்கோள் காட்டுபவர் மூலக்கட்டுரையின் செய்முறைப் பகுதியை வாசித்திருத்தல் வேண்டும். பிறர் மேற்கோளிலிருந்து மேற்கோளை எடுத்தாளும் வழக்கம் நிலவும்வரை, சிறைவாசி என்னும் சொல் அச்சில் இருந்தும் இல்லாததே.

9. முடிவுரை

கிளிக்மனின் வெளியீட்டுப் பட்டியல் பொய் சொல்லவில்லை. அதிலுள்ள கட்டுரைகள் எழுதப்பட்டவை, அவற்றின் மேற்கோள்கள் உண்மையில் இடப்பட்டவை, பயன்களும் உண்மையானவை. எனினும் அப்பட்டியலைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவோர்க்கு இருபத்து மூன்று ஆண்டுகள் நீடித்த ஒரு சிறை ஆய்வுக்களம் கண்ணில் படாது. எண் பிழையானதால் நேர்ந்த குறையன்று இது. எண்ணுக்கு இயல்பாக அமைந்த எல்லை.

மேற்கோள் அட்டவணை பிறந்த நோக்கம் ஆய்வாளரைத் தரவரிசைப்படுத்துதல் அன்று. ஆராயாமல் எடுத்தாளும் பழக்கத்திலிருந்து ஆய்வுலகைக் காத்தல். அந்நோக்கத்தை அட்டவணை கைவிட்டிருக்கலாம். ஆய்வாளர் கைவிட வேண்டியதில்லை. பிணைக்குப் பணமின்றித் தம் முதுகையும் முன்கையையும் ஒட்டுச் சோதனைக்குத் தந்தவர்களுக்கு எந்தத் தரவுத்தளத்திலும் ஆசிரியர் அடையாள எண் இல்லை. அவர்கள் இருந்தனர் என்பதைச் சொல்லும் இடமாக ஆய்வுலகிற்கு எஞ்சியிருப்பது, மேற்கோள் இடப்படும் அந்த வாக்கியமே.